மரத்தைக் குட்டையாக்க மருந்து எதற்கு? கத்தரி இருக்கிறதே!

நம்ம கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "மரத்தை அதுபாட்டுக்கு விட்டுடணும் சார். காட்டுல யாரு போய் கவாத்து பண்றாங்க?" கேட்க நல்லாத்தான் இருக்கும். இதே கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கிற இடத்தில் இன்னொரு பேச்சு வரும். "மாமரம் எட்டாத உயரத்துக்குப் போயிருச்சு, பறிக்க ஆள் வரமாட்டேங்கிறான். அடர் நடவுக்காரங்க ஊத்துறாங்களே ஒரு மருந்து, அதை ஊத்தினா குட்டையா நிக்குமாமே?" இரண்டையும் பேசுகிறவர் சில சமயம் ஒரே ஆளாகவே இருப்பார்.

என் கட்சி இரண்டுக்கும் எதிரானது. நாம் நட்டு வளர்க்கிற பழமரத்தைச் சும்மா விடுவது இயற்கை விவசாயம் இல்லை. மருந்து ஊற்றிக் குட்டையாக்குவது இயற்கை விவசாயமே இல்லை. கத்தரியையும் ரம்பத்தையும் கையில் எடுத்து வருஷா வருஷம் கவாத்து பண்ணுவதுதான் வழி. அந்த வேலை தெரிந்த ஆட்களை உருவாக்குவதை நம்ம இயக்கம் ஒரு வேலைத் திட்டமாகவே எடுக்கணும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் "காடு" வாதத்தைப் பார்ப்போம். காட்டில் விதை விழுந்து, ஆணிவேர் நேராக இறங்கி முளைக்கிற மரம் வேறு. நாம் நாற்றங்காலில் வாங்குகிற ஒட்டுக்கன்று வேறு. ஒட்டுக்கன்றின் தலையை ஏற்கெனவே ஒருத்தர் வெட்டியிருக்கிறார், ஒட்டுக் கட்டுவது என்றாலே அதுதான். பிளாஸ்டிக் பைக்குள் அதன் வேர் சுருண்டு கிடந்திருக்கிறது. மனுசன் கை பட்ட மரம் அது. கை வைத்துவிட்டு அப்புறம் "இயற்கையாக வளரட்டும்" என்று கையைக் கட்டிக்கொள்வது, பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் நிறுத்திவிட்டு "அவன் தலையெழுத்து" என்று சொல்வது மாதிரி.

இதை நான் சொல்வதை விட ஃபுகோகா சொன்னால் நம்ம ஆட்கள் கேட்பார்கள். மசனோபு ஃபுகோகா இருபத்தைந்து வயதில் யோகஹாமாவில் பார்த்த தாவரச் சோதனை வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். (நான் வங்கி வேலையை விட அறுபது வயது ஆனது, அதுவும் அவர்களாக அனுப்பி வைத்ததால்.) அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைப் பொறுப்பெடுத்தார். எதுவும் செய்யாமல் விட்டால் மரம் தானே நன்றாக வளரும் என்று நம்பி, அதுவரை கவாத்து செய்து வளர்த்த மரங்களை அப்படியே விட்டார். கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டன, பூச்சி அடித்தது, தோட்டமே பட்டுப்போனது. 1975-ல் வந்த 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யில் இதை அவரே எழுதியிருக்கிறார். அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம்: ஒருமுறை மனிதன் வடிவம் மாற்றிய மரத்தை அநாதையாக விடுவது இயற்கை முறை ஆகாது, அது கைவிடுதல். விதையிலிருந்து முளைத்து ஒரு தடவைகூட வெட்டுப்படாத மரத்துக்குத்தான் அதன் சொந்த வடிவம் இருக்கும். அந்த மாதிரி மரம் நம்மில் எத்தனை பேர் தோட்டத்தில் நிற்கிறது? "ஒன்றும் செய்யாத விவசாயம்" என்ற மூன்று சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. கவாத்து என்பது நமக்கு வெளியிலிருந்து வந்த வித்தை ஒன்றும் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டவர்களில் கவாத்து பண்ணாதவர் யார்? நவம்பர் கடைசி வாரம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால்தான் அடுத்த பருவத்துப் பூ. அதில் யாருக்கும் தயக்கம் வருவதில்லை. செடிமுருங்கை போட்டவர், இரண்டு மாதத்தில் 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் கொண்டையைக் கிள்ளுகிறார், காய்ப்பு ஓய்ந்ததும் 90 சென்டிமீட்டர் விட்டு வெட்டி மறுதாம்பு விடுகிறார். கறிவேப்பிலையை வெட்ட வெட்டத்தான் காசு. உயிர்வேலிக் கிளுவையும், வரப்புக் கிளைரிசிடியாவும், அகத்தியும் அரிவாள் படாமல் இருந்ததே இல்லை. ஏன், நாம் பிடிக்காத தைலமரத்தில்கூட வெட்டின கட்டையிலிருந்து மறுபடி எப்படிக் கிளம்பும் என்று இந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமரம், கொய்யா, எலுமிச்சை என்று வரும்போது மட்டும் கை நடுங்குகிறது. "காய்க்கிற கிளையை வெட்டலாமா சார்?"

வெட்டினால் மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தப் பயம் பாதி போய்விடும். கிளையின் நுனி மொட்டு ஆக்சின் என்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. அது கீழே இறங்கி, பக்கத்தில் தூங்கும் மொட்டுகளை எழவிடாமல் வைத்திருக்கிறது. நுனியை எடுத்துவிட்டால் அந்த அடக்குமுறை நீங்கி, கீழே இருக்கிற இரண்டு மூன்று மொட்டுகள் கிளம்பும். ஒரு கிளை இருந்த இடத்தில் மூன்று கிளை. காய்ப்பது நுனியில் என்றால் நுனிகளின் எண்ணிக்கை கூடுகிறது, மரத்தின் உயரம் கூடுவதில்லை. கவாத்தின் மொத்த வித்தையும் இதற்குள் அடக்கம்.

இப்போது அந்த மருந்துக்கு வருவோம். பேக்லோபியூட்ரசால் என்று பெயர், கடையில் கல்டார் என்று கேட்பார்கள். மரத்தின் தூரைச் சுற்றி மண்ணில் ஊற்றுவது. செடி நீண்டு வளர ஜிப்ரலின் என்ற பொருள் வேண்டும், அதைச் செடி தயாரிக்க விடாமல் இந்த மருந்து தடுக்கிறது. தளிர் குட்டையாகிறது, பூ முன்னாடியே வருகிறது. கொங்கணத்து அல்போன்சா தோட்டங்களில் இது பரவலான பழக்கம். பலன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், கண்ணுக்குத் தெரிகிற பலன் இருக்கிறது. ஆனால் அது ஊற்றின இடத்தில் மாதக்கணக்கில் தங்குகிறது, சில வகை மண்ணில் ஒரு வருஷம் தாண்டியும். அந்த மண்ணில் நாம் ஊடுபயிராக உளுந்தோ காய்கறியோ போட்டால் அதுவும் அதே மருந்தைத்தான் உறிஞ்சும். வருஷா வருஷம் ஊற்றினால் வருஷா வருஷம் சேரும். மரத்தைப் பூக்கச் சொல்லி விரட்டிக்கொண்டே இருப்பதால் தீனியும் கூட்டிக்கொண்டே போகணும். அங்ககச் சான்று விதிகளில் இந்த மாதிரிச் செயற்கை வளர்ச்சி ஊக்கிகளுக்கும் அடக்கிகளுக்கும் இடம் இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னார் என்று ஒரு தடவை ஊற்றிவிட்டு, அப்புறம் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது முழிக்க வேண்டாம்.

கத்தரி மட்டும் வைத்து மரத்தை எவ்வளவு தூரம் அடக்க முடியும் என்பதற்கு நான் கண்ட வேடிக்கையான சாட்சி ஒன்று சொல்கிறேன். மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவரின் தோட்டத்தில் ரயில் ஓடுவதைப் பார்த்தேன். பொம்மை ரயில்தான். ஆனால் வீட்டுக்குள் இல்லை, வெட்டவெளியில், மண்ணில் தண்டவாளம் போட்டு, பாலம் கட்டி, மழையிலும் ஓடுகிற மாதிரி. 1968-ல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியில் எல்.ஜி.பி. என்ற பெயரில் வந்த ரயில் இந்தப் பழக்கத்தைப் பரப்பியதாம். நிஜ ரயிலில் இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் அது நம்ம பழைய மீட்டர் கேஜ். திருச்சியிலிருந்து கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை போன அந்தச் சின்ன ரயிலை இருபத்திரண்டரையால் வகுத்த மாதிரி.

ரயில் இந்த அளவு என்றால் ஓரத்து மரமும் அந்த அளவில் இருக்கணும் இல்லையா? 12 மீட்டர் மரம் அங்கே 53 சென்டிமீட்டர்தான் நிற்கலாம். பெரியவர் பிளாஸ்டிக் மரம் வைக்கவில்லை. எல்லாம் உயிருள்ள மரம். நான் நாற்று என்று நினைத்த ஒன்றுக்குப் பதினைந்து வயது என்றார். முட்டி உயரம். மருந்து கிடையாது, சாயங்காலம் ஒரு மணி நேரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, தையல்காரர் கத்தரி மாதிரி ஒன்றை வைத்துக் கொறித்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

மனுசனுக்குப் பொழுதுபோக்கு, நமக்குப் பிழைப்பு. ஆனாலும் அவர் பண்ணின மூன்று காரியம் அப்படியே நம்ம தோட்டத்துக்குப் பொருந்தும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அங்கே அதிகம் வைக்கிற மரம் ஆல்பர்ட்டா குட்டை ஸ்புரூஸ் என்பது. கனடாவில் 1904-ல் காட்டில் தற்செயலாகக் கண்டெடுத்த குட்டை ரகம், ஊசி இலை, கோபுர வடிவம். அதில் சில சமயம் ஒரு கிளை மட்டும் தன் பழைய காட்டுக் குணத்துக்குத் திரும்பி, தடித்து, மளமளவென்று எழும். அதைப் பார்த்த அன்றைக்கே அடியோடு எடுத்துவிடணும், விட்டால் மொத்த மரத்தையும் அது விழுங்கிவிடும் என்றார். நம்ம ஒட்டு மாவிலும் ஒட்டு எலுமிச்சையிலும் ஒட்டுக்குக் கீழே ஒரு துளிர் வரும், பார்த்திருப்பீர்கள். இலை நல்ல பச்சை, வேகமான வளர்ச்சி. "பரவாயில்லையே, நல்லா வருதே" என்று விட்டு வைப்போம். நாலு வருஷத்தில் வாங்கின ரகம் செத்து, அடிக்கட்டையின் நாட்டு ரகம் மரமாக நிற்கும். ஒட்டுக்குக் கீழே வருகிற எதுவாக இருந்தாலும் விரல் நகத்தால் கிள்ளுகிற அளவிலேயே போயாகணும்.

அடுத்தது, உள்பக்கம் வெளிச்சம். பெரியவர் வெளியே மட்டும் வழித்துவிடவில்லை. கிளைகளுக்கு நடுவே கையை விட்டுச் சில கிளைகளை அடியோடு எடுத்தார். வெளியே மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தால் மேலே ஒரு கூரை மாதிரி இலை மூடி, உள்ளே எல்லாம் காய்ந்து குச்சியாகிவிடும். நம்ம ஊர் மாமரத்தில் இதுதான் நடக்கிறது. அடியில் நின்று மேலே பாருங்கள். காய்ப்பது வெளி ஓடு மட்டும், உள்ளே இருட்டு, காய்ந்த சுள்ளி, ஈரம், அதில் இலைப்புள்ளியும் தத்துப்பூச்சியும். பூக்கிற சமயம் தத்துப்பூச்சிக்கு என்ன அடிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்கள், அதற்கு ஆறு மாதம் முன்னால் நடுக்கிளை ஒன்றை எடுத்திருந்தால் பாதிக் கேள்வி வந்திருக்காது.

மூன்றாவது, எந்த மரம் எங்கே வெட்டினால் துளிர்க்கும் என்ற அறிவு. ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் துளிர்க்காது. அதனால் அவர் பச்சை உள்ள பகுதிக்குள்ளேயேதான் வெட்டினார். நமக்குத் தெரிந்த கடற்கரைச் சவுக்கும் அப்படித்தான், மறுதாம்பை நம்ப முடியாது. தென்னை, பனை, பாக்குக்கு ஒரே ஒரு குருத்துதான். அதில் கத்தரிக்கு வேலையே இல்லை. மா, கொய்யா, புளி, வேம்பு, புங்கன் பழைய கட்டையிலும் துளிர்க்கும். பலா அடிமரத்திலேயே காய்க்கிற மரம், அதில் காய்ந்ததையும் பறித்த காம்பையும் எடுத்தால் போதும், வழித்து வெட்டக் கூடாது.

காய்க்கும் இடமும் மரத்துக்கு மரம் மாறும். கொய்யாவுக்குப் புதுச் சிம்பில்தான் பூ. அதனால் எவ்வளவு வெட்டினாலும் கோபித்துக்கொள்ளாது. லக்னோவில் உள்ள மத்திய மிதவெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனத்தில் கொய்யாவை 2 மீட்டருக்கு 1 மீட்டர் இடைவெளியில், எக்டருக்கு 5,000 செடி நட்டு, திரும்பத் திரும்ப வெட்டியே இடுப்பு, மார்பு உயரத்தில் வைத்துக் காய்க்க வைத்துக் காட்டினார்கள். மா அப்படி இல்லை. இந்த வருஷம் வந்த தளிர் முற்றி, அந்த முற்றின நுனியில்தான் அடுத்த பூ. தளிர் முற்ற நாலு முதல் ஆறு மாதம் வேண்டும். நம்ம பக்கம் டிசம்பர், ஜனவரியில் பூக்கணும் என்றால் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்: பறிப்பு முடிந்ததும் ஜூலை, தப்பினால் ஆகஸ்ட் முதல் பாதி. தீபாவளிக்கு ஆள் கிடைத்தான் என்று ஐப்பசியில் வெட்டினால் தை மாதம் இலைதான் வரும், பூ வராது. அப்புறம் "கவாத்து பண்ணி மரம் மலடாப் போச்சு" என்று ஊரெல்லாம் சொல்வார்கள். கவாத்துக்கு நம்ம வட்டாரத்தில் கெட்ட பெயர் வந்ததில் பாதி இந்த மாதக் கணக்கால்தான்.

மீதிப் பாதி அரிவாளால். ஓங்கி ஒரு வெட்டு, கிளை தன் பாரத்தில் சாய, தாய்மரத்துப் பட்டை ஒரு முழம் உரிந்து தொங்கும். பெரிய கிளை என்றால் முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்பக்கத்தில் ரம்பத்தால் கால்வாசி அறுக்கணும். அதற்கும் கொஞ்சம் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையைக் கீழே தள்ளணும். பாரம் போன பிறகு மிச்சக் கட்டையை அடிமரத்தை ஒட்டி எடுக்கணும். ஒட்டி என்றால் வழித்து அல்ல. கிளை அடிமரத்தில் சேருகிற இடத்தில் சட்டைக் காலர் மாதிரி ஒரு மேடு இருக்கும், அதைத் தொடாமல் அதற்கு வெளியே. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ என்ற மர விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக அறுத்து உள்ளே பார்த்து இதை விளக்கினார். மரத்துக்கு நம்மைப் போல காயம் ஆறுவதில்லை. காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதன் மேல் புதுக் கட்டை வளர்க்கிறது. அந்தச் சுவருக்கான சரக்கு இருப்பது அந்தக் காலர் மேட்டில். அதை வழித்துவிட்டாலும் அழுகல் உள்ளே போகும், ஒரு சாண் குச்சியை நீட்டிக்கொண்டு விட்டாலும் அழுகல் உள்ளே போகும்.

வெட்டுவாயில் என்ன பூசுவது என்று கேட்பீர்கள். பூச்சு அழுகலைத் தடுக்காது என்பது ஷிகோவின் கட்சி. நம்ம ஊர் மாமரத்தில் தண்டுத் துளைப்பான் முட்டையிட வெட்டுவாயைத் தேடி வரும் என்பதால், கட்டைவிரலை விடத் தடித்த காயத்துக்குச் செம்மண்ணும் பசுஞ்சாணமும் குழைத்துப் பூசுவது என் பழக்கம். போர்டோ பசை, அதாவது ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர் சேர்த்தது, அங்கக விதிகளில் வரம்புக்கு உட்பட்டு அனுமதி உள்ளது. அதையும் வேண்டுகிறவர் பூசலாம். சின்ன வெட்டுக்கு எதுவும் வேண்டாம். சுத்தமாக வெட்டின காயம்தான் பெரிய மருந்து.

புதிதாக நடுகிறவருக்கு வேலை இன்னும் சுலபம். கன்று இடுப்பு உயரம் வந்ததும் 60, 70 சென்டிமீட்டரில் நுனியை எடுங்கள். கிளம்புகிறதில் திசைக்கு ஒன்றாக மூன்று, நாலு கிளை மட்டும் வையுங்கள். அவை முக்கால் மீட்டர் நீண்டதும் மறுபடி நுனி. மூன்றாவது தடவை கிள்ளும்போது மரம் ஆள் உயரம், நடு திறந்து குடத்து வாய் மாதிரி இருக்கும். அதற்கப்புறம் நட்டுக்குத்தலாக எழுகிற நீர்ப்போத்தை எடுப்பதும், பறித்த பிறகு நுனி தட்டுவதும்தான் வருஷாந்திர வேலை. முப்பது வயது மரத்தை ஒரே நாளில் மொட்டையடித்துக் குட்டையாக்கலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். ஒரே தடவையில் கால் பங்கு இலைக்கு மேல் எடுக்காமல், மூன்று வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். மொட்டையடித்தால் அடிமரம் வெயிலில் வெந்து பட்டை வெடிக்கும், இரண்டு மூன்று வருஷம் காய்ப்பும் போகும். வங்கியில் வராக்கடனை ஒரே காலாண்டில் தள்ளினால் கிளையே ஆடிப்போகும், அதே கதைதான்.

அடர் நடவு பற்றியும் ஒன்று சொல்லணும். குட்டை மரம் என்றதும் ஏக்கருக்கு 674 கன்று, 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்று ஒரு படத்தைக் காட்டி வருவார்கள். பழைய 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம். நான் இரண்டுக்கும் நடுவில், 5 மீட்டருக்கு 5 மீட்டர், ஏக்கருக்கு 162 என்ற கட்சி. கணக்கு இதுதான். கன்று நூறு ரூபாய் என்றே வையுங்கள், 674-க்கு 67,400, 162-க்கு 16,200. ஒரு மரத்துக்குக் கவாத்து பத்து நிமிஷம் என்றால் 674 மரத்துக்கு எட்டு மணி நேர வேலையில் பதினாலு ஆள் நாள், 162-க்கு மூன்றரை. அந்தப் பதினாலு நாளை ஜூலையின் நாலு வாரத்துக்குள் தேடணும், ஒரு வருஷம் தவறினால் மரமும் மரமும் பின்னிக்கொள்ளும். அப்போதுதான் அந்த மருந்துப் புட்டி தோட்டத்துக்குள் வருகிறது. குளத்தூர், குன்றாண்டார்கோவில் பக்கத்துச் செம்மண் சரளையில், ஏரி நிரம்பினால் உண்டு இல்லாவிட்டால் இல்லை என்கிற கிணற்றை வைத்துக்கொண்டு 674 மரத்துக்கு யார் தண்ணீர் காட்டுவது? நான் வங்கியில் பார்த்த திட்ட அறிக்கைகளில் சொட்டுநீர்க் குழாய்க்கு ஒரு வரி இருக்கும், கன்றுக்கு ஒரு வரி இருக்கும், நாலாம் வருஷத்து மகசூல் கொழுத்த எண்ணாக இருக்கும். கவாத்துக் கூலி என்று ஒரு வரியை நான் பார்த்ததே இல்லை.

குட்டை மரத்தால் இன்னும் ஒரு லாபம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறி இந்த மாவட்டத்தை அறுத்துக்கொண்டு போனதை யாரும் மறக்கவில்லை. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் மாவும் வேரோடு கிடந்தன. அந்தக் காற்றுக்குக் கவாத்து கவசம் என்று சொன்னால் அது பொய். ஆனால் நடு திறந்து, தாழ்ந்து நிற்கிற மரத்தில் காற்று புகுந்து வெளியேற வழி உண்டு. முப்பதடி உயரத்தில் அடர்ந்த குடையோடு நிற்கிற மரம் பாய் விரித்த படகு. சாதாரண ஆடிக்காற்றுக்கே கிளை முறிவதும் காய் உதிர்வதும் எந்த மரத்தில் என்று அவரவர் தோட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர்களும் நம்ம ஊர்களில் உண்டு. தாழ்ந்த மரத்தில் பெண்கள் தரையில் நின்றே காம்போடு பறிக்கிறார்கள், பால் வடியாத காய்க்குச் சந்தையில் விலையே வேறு. "ஏணியும் வேணாம், தொரட்டியும் வேணாம், இப்படி வச்சிருந்தா நாங்களே வருசம் பூரா பறிச்சுருவோம்யா" என்று எங்களிடம் வேலைக்கு வருகிற அம்மா சொன்னார்.

எல்லா மரத்தையும் குட்டையாக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வரப்புப் பனையும், களத்துப் புளியும், இலுப்பையும் வானம் பார்த்து நிற்கட்டும். ஆந்தைக்கும் கரிச்சான் குருவிக்கும் உட்கார இடம் வேணும், எலியும் புழுவும் குறைய அவை வேணும். இந்த மாவட்டம் முழுக்கக் கோயில்காடுகள் இருக்கின்றன, அய்யனார் காட்டில் ஒரு சுள்ளி ஒடிக்க மாட்டார்கள். அங்கே கத்தரிக்கு வேலை இல்லை. "காட்டுல யாரு கவாத்து பண்றாங்க" என்ற கேள்வி அங்கே சரியான கேள்வி.

வெட்டினதை என்ன செய்வது? விறகுக்காரருக்குக் கொடுக்காதீர்கள் என்பேன். தடித்ததை அடுப்புக்கு எடுத்துக்கொண்டு, சுள்ளியையும் தழையையும் அந்தந்த மரத்தின் நிழல் எல்லையிலேயே மூடாக்காகப் போடுங்கள், தூரை ஒரு முழம் விட்டு. நோய் பட்ட கிளை மட்டும் விலக்கு, அதை எரித்துவிடணும்.

இனி இயக்கத்திடம் என் கோரிக்கை. நாம் ஜீவாமிர்தம் தயாரிக்கவும் மூலிகைப் பூச்சிவிரட்டி காய்ச்சவும் எத்தனையோ பயிற்சி நடத்தியிருக்கிறோம். நம்மாழ்வார் உழைத்த ஒடுகம்பட்டி கொழிஞ்சிப் பண்ணை இந்தக் குன்றாண்டார்கோவில் ஒன்றியத்திலேயே இருக்கிறது, பயிற்சி என்றால் என்ன என்று இந்த மண்ணுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கவாத்துக்கு மட்டும் ஏன் பட்டறை இல்லை? அரசுத் தோட்டக்கலைத் திட்டத்தில் பழைய தோட்டங்களைப் புதுப்பிக்கவும் கிளைப் பராமரிப்புக்கும் தலைப்பு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கக் கவாத்து தெரிந்த ஆள் வேண்டும். ஒன்றியத்துக்கு ஐந்து இளைஞர்கள், ஆணும் பெண்ணும். ஆளுக்கு ஒரு நல்ல கவாத்துக் கத்தரி, ஒரு மடக்கு ரம்பம், குழுவுக்கு ஒரு நீளக்கம்பு ரம்பம். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகுமுன் கத்தியைத் துடைக்க ஒரு பாட்டில் ஸ்பிரிட். ஜூலை, ஆகஸ்டில் மா, நவம்பரில் மல்லிகை, இடையில் கொய்யா, முருங்கை, எலுமிச்சை, உயிர்வேலி என்று பார்த்தால் வருஷத்தில் பாதி நாளுக்கு வேலை இருக்கிறது. கூலியை நாள் கணக்கில் கொடுங்கள், மரக் கணக்கில் கொடுக்காதீர்கள். மரத்துக்கு இவ்வளவு என்று பேசினால் பத்து நிமிஷ வேலை மூன்று நிமிஷத்தில் முடியும், அதுவும் அரிவாளால்.

எங்கள் தோட்டத்தில் பறிப்பு ஜூன் கடைசியில் முடியும். ஜூலை இரண்டாவது ஞாயிறு வெட்டத் தொடங்குகிறோம். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள், வெயில் ஏறுமுன் முடிக்கணும். கத்தரி இல்லாதவர்கள் சும்மா வாருங்கள், தருகிறோம். அரிவாளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.